செம்மண்ணில் தொலைந்த தங்கத்தைத் தேடும் முறை

கேரளத்தில் பூமியிலிருந்து தங்கம் கிடைக்கும் வட்டாரங்கள் என்று வயநாட்டையும் நிலம்பூரையும் அட்டப்பாடியையும் சொல்வார்கள். நிலம்பூரில் சாலியாற்று மணலை அரித்துப் பொன்துகள் எடுத்தவர்கள் உண்டு. திருவனந்தபுரத்துக் கரமனையில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. இங்கே தேடப்படுவது கைவிட்டுப் போன தங்கம்: ஆற்றுக் கடவில் குளிக்கும்போது நழுவிய மோதிரம், அக்ரஹாரத்து வாசலில் கோலம் போடும்போது அறுந்து விழுந்த தாலிக்கொடி, ஆற்றுக்கால் பொங்கலன்று அடுப்பருகே கழன்ற தோட்டின் திருகாணி. விலையைவிட அவற்றோடு சேர்ந்திருக்கும் மனம் பெரியது. ஆகவே இந்தத் தேடலை அவசரப்படாமல், முறையாகச் செய்ய வேண்டும்.

பலரும் ஒரு மெட்டல் டிடெக்டரை இரவல் வாங்கி வந்து முற்றத்தில் வீசிப் பார்க்கிறார்கள். அது காலடி தோறும் கத்துகிறது. நாலைந்து குழி தோண்டியும் ஒன்றும் கிடைக்காததால் கருவி பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கருவியில் பழுது இருக்காது, கத்தவைப்பது மண். இந்த ஊர் மண்ணை முதலில் அடக்கிவிட்டுத்தான் தங்கத்தைத் தேடத் தொடங்க வேண்டும்.

மண் ஏன் கத்துகிறது?

கரமனை வீடுகளின் சுவரிலும் மதிலிலும் இருக்கும் வெட்டுக்கல்லும் முற்றத்துச் செம்மண்ணும் ஒரே குடும்பம். மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில் இந்தக் கல்லைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், 1807இல் வெளியான தம் பயண நூலில் அதை விவரித்தார். இன்று உலகம் முழுவதும் அது லேட்டரைட் என்று அறியப்படுகிறது. மிக நெடுங்காலமாகப் பெய்யும் மழை மண்ணிலிருந்து சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போகிறது, இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. அந்த இரும்பு ஆக்சைடுகளில் மேக்னடைட், மேக்ஹமைட் என்ற இரண்டும் காந்தத்தன்மை மிகுந்தவை.

டிடெக்டரின் ‘காயில்’ எனப்படும் கம்பிச்சுருள் மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகம் எதிர்ப்பட்டால் அதில் சிறு மின்சுழல் பிறக்கும். அந்தச் சுழலின் பதில்தான் நாம் கேட்கும் ஒலி. காந்தத்தன்மையுள்ள மண்ணும் பதில் சொல்கிறது. மெல்லிய திருகாணியின் பதிலைவிட அது பல மடங்கு உரக்க இருப்பதால், தங்கத்தின் பதில் அதற்குள் அமுங்கிவிடுகிறது.

இன்னொன்று, தீ. இலையும் சருகும் கலந்த செம்மண் சூடானால் அதிலுள்ள சாதாரண இரும்புத் தாதுக்கள் காந்தத்தன்மை மிகுந்தவையாக மாறும். சருகு எரித்த மூலை, மண் தரையில் பொங்கல் அடுப்பு மூட்டிய இடம், உடைந்த செங்கல், ஓட்டுத்துண்டு ஆகியவை உலோகம் இல்லாமலே ஒலி எழுப்பும்.

படி 1: கருவிக்கு முன் கண்

நகை தொலைந்தது தெரிந்ததும் அந்த இடத்தில் நடமாட்டத்தை நிறுத்துங்கள். யாரும் பெருக்க வேண்டாம், தண்ணீர் தெளிக்க வேண்டாம். அன்று ஏற்கெனவே பெருக்கியிருந்தால் குப்பைக் குவியலையே முதலில் பாருங்கள். ஈர்க்குமாறு சிறு நகையை அதன் இடத்திலிருந்து நெடுந்தூரம் கொண்டுபோய்விடும். வாசல் கழுவிய நீர் ஓடும் ஓடையும் அடுத்து பார்க்க வேண்டிய இடம்.

இருட்டியபின் டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தை நீளவாக்கில் ஓடவிடுங்கள். மண் மேல் கிடக்கும் தங்கம் பெரும்பாலும் இதிலேயே மின்னிவிடும்.

படி 2: எந்தக் கருவி?

கடையிலும் அரங்கின் வாயிலிலும் சோதனைக்கு வைத்திருக்கும் கைத்தடி ஸ்கேனர் தரையில் பயன்படாது. அதற்கு மண்ணைக் கழித்துக் கேட்கத் தெரியாது. அள்ளிய மண்ணை பிளாஸ்டிக் தட்டில் மெலிதாகப் பரப்பிப் பார்க்க மட்டும் உதவும்.

தரைக்கு வேண்டியது மண்ணின் பதிலைக் கழிக்கும் ‘கிரவுண்டு பேலன்ஸ்’ வசதியுள்ள டிடெக்டர், அதுவும் கையால் திருத்தக்கூடியதாக இருந்தால் நல்லது. அலைவெண் கூடுதலாக உள்ள கருவி சிறு தங்கத்தை நன்றாகப் பிடிக்கும். பொதுவான கருவிகள் 6 அல்லது 8 கிலோஹெர்ட்ஸில் இயங்குகின்றன. தங்கத்துக்கென்று செய்தவை 15க்கு மேல் தொடங்கி 70 கிலோஹெர்ட்ஸ் வரைகூடப் போகும். காயில் சிறியதாக, சுமார் 6 அங்குல அகலத்தில் இருக்கட்டும். ஒரே நேரத்தில் குறைந்த மண்ணைப் பார்ப்பதால் மண்ணின் இரைச்சலும் குறையும். ‘டபிள் டி’ வகைக் காயில் செம்மண்ணுக்கு ஏற்றது.

‘பல்ஸ் இண்டக்‌ஷன்’ என்ற வகையும் உண்டு. ஆஸ்திரேலியச் செம்மண் தங்க வயல்களுக்காக மைன்லாப் நிறுவனம் 1990களில் கொண்டுவந்த கருவிகள் இவ்வகை. கடுமையான மண்ணிலும் ஆழம் பார்க்கும். ஆனால் ஆணியையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்வதில் தடுமாறும். பழைய வீட்டு முற்றம் ஆணி நிறைந்தது என்பதால் நமக்கு முதலில் சொன்ன வகையே பொருத்தம்.

படி 3: காந்தம் வைத்து மண்ணைச் சோதியுங்கள்

பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு மண்ணில் இழுங்கள். கருந்துகள் மொய்த்து ஒட்டினால் மண் கடுமையானது. முற்றத்தில் மூன்று நான்கு இடங்களில் செய்து பாருங்கள். நிறைய ஒட்டும் இடங்களில் கருவியை வேறாக அமைக்க வேண்டியிருக்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: மண்ணுக்குச் சமன் செய்யுங்கள்

உலோகம் இல்லாத ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். வளையல், மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். கைபேசியைத் தள்ளி வையுங்கள். ‘ஆல் மெட்டல்’ நிலையில் காயிலைத் தரைக்கு மேலே ஒரு முழம் தூக்குங்கள், பிறகு தரையைத் தொடாமல் இறக்குங்கள். இறக்கும்போதும் தூக்கும்போதும் ஒலி ஏறி இறங்காமல் ஒரே அளவில் நிற்கும்வரை கிரவுண்டு பேலன்ஸைத் திருத்துங்கள். தானியங்கிப் பொத்தான் இருந்தால் அதை அழுத்திக்கொண்டு இதையே செய்யுங்கள்.

ஒருமுறை செய்தால் போதாது. வெட்டுக்கல் சுவரோரம், தென்னை மூடு, அடுப்படி என்று இடம் மாறும்போதெல்லாம் சமன் செய்யுங்கள். மழை பெய்து மண் நனைந்தாலும் மறுபடி செய்ய வேண்டும்.

அடுத்து சென்சிடிவிட்டியைக் குறையுங்கள். கருவி அமைதியாகும்வரை குறைக்கலாம். கூட்டி வைத்தால் ஆழமாகக் கேட்கும் என்று தோன்றும், செம்மண்ணில் கூடுவது இரைச்சல் மட்டும்தான்.

இரும்பை ஒதுக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். இரும்பு மிகுந்த மண், சிறு தங்கத்துக்குக் கருவி காட்டும் எண்ணை இழுத்து இரும்பின் எண்ணுக்குள் தள்ளிவிடும். திரையில் தெரியும் எண்ணை நம்பி நடந்தால் மூக்குத்தியை ஆணி என்று தாண்டிப் போய்விடுவீர்கள்.

படி 5: மாதிரி வைத்துப் பழகுங்கள்

தொலைந்ததைப் போன்ற இன்னொரு நகையை நைலான் நூலில் கட்டி, நூலின் மறுமுனையை ஒரு குச்சியில் முடிந்து, இரண்டு விரல் ஆழத்தில் புதையுங்கள். அதன் மேல் காயிலை வீசி ஒலியைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு நான்கு விரல் ஆழத்தில் வைத்துப் பாருங்கள்.

முழு வளையமான மோதிரம் தெளிவாகப் பேசும். அறுந்த வளையத்தில் மின்சுழல் ஓட வழியில்லாததால் அதன் ஒலி மெலியும். சங்கிலியைக் கருவி ஒன்றாகப் பார்க்காது, கண்ணி கண்ணியாகத்தான் பார்க்கும். ஆகவே கொடியைத் தேடும்போது கொக்கியையும் தாலியையும்தான் எதிர்பார்க்க வேண்டும்.

படி 6: கயிறு கட்டித் தேடுங்கள்

இடத்தை ஒரு மீட்டர் அகலப் பாத்திகளாகக் கயிறு கட்டிப் பிரியுங்கள். காயில் தரைக்கு இணையாக, மூன்று விரல் உயரத்தில் போகட்டும். வீச்சின் முனையில் கை தானாக மேலே எழும், அப்போது மண் பொய்யொலி தரும். மெதுவாக வீசுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். நீளவாக்கில் முடித்ததும் குறுக்குவாக்கிலும் ஒருமுறை பாருங்கள்.

படி 7: ஒலியைச் சோதியுங்கள்

ஒலி வந்ததும் தோண்ட வேண்டாம். முதலில் எதிர்த்திசையிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வீசுங்கள். உலோகம் எத்திசையிலும் அதே புள்ளியில் பதில் சொல்லும், மண்ணின் ஒலி பரந்து இடம் மாறும். அடுத்து காயிலைச் சற்று உயர்த்துங்கள். உலோக ஒலி மெல்ல மெல்லத் தேயும், மண்ணின் ஒலி சட்டென்று மறையும். மூன்றாவதாக, மேல் மண்ணை ஒரு விரல் ஆழம் சுரண்டிவிட்டு மறுபடி வீசுங்கள். ஒலி தெளிந்தால் அங்கே பொருள் இருக்கிறது.

மாத்திரை அட்டை, சாக்லேட் தாள் இவற்றின் அலுமினியம் தங்கத்தைப் போலவே ஒலிக்கும். அவற்றைத் தோண்டி எடுத்துவிடுவதைத் தவிர வழியில்லை.

படி 8: எடுங்கள், அலசுங்கள்

களைக்கொத்தை ஒலி வந்த புள்ளியில் நேராகக் குத்தாதீர்கள். ஒரு சாண் தள்ளிச் சுற்றிக் கீறி மண்ணைக் கட்டியாக எடுத்து பிளாஸ்டிக் தட்டில் போடுங்கள். ஒலி தட்டில் இருக்கிறதா, குழியிலா என்று பாருங்கள். தட்டில் இருந்தால் மண்ணை இரண்டாகப் பிரித்து ஒலிக்கும் பாதியை மீண்டும் பிரியுங்கள். கைப்பிடி அளவு ஆனதும் காந்தத்தால் இரும்பை அகற்றி, மீதியைத் தாம்பாளத்தில் நீர் விட்டுச் சுழற்றுங்கள். 22 காரட் தங்கத்தின் அடர்த்தி நீரைப்போல் 17 மடங்குக்கு மேல், மணலுடையது சுமார் 2.65 மடங்கு. மண் கரைந்தோட நகை அடியில் நிற்கும்.

ஆற்றுக் கடவில்

கரமனையாற்றின் மணலில் மேலோட்டமாகத் தேடுவது பயனற்றது. தங்கம் கனத்தால் மணலுக்குள் இறங்கி, கல்லிடுக்கிலும் கெட்டியான அடித்தளத்திலும் தங்கும். படிக்கட்டின் இடுக்கு, பெரிய கல்லின் கீழ்ப்புறம் இவற்றிலிருந்து தொடங்குங்கள். காயில் நீர் புகாததாக இருக்க வேண்டும். அருவிக்கரை அணையின் ஷட்டர்கள் உயர்த்தப்பட்டால் ஆற்றில் நீர் கூடும். மழைக்காலத்தில் இறங்காதீர்கள், தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள்.

படி 9: கிடைத்தது யாருடையது?

அடுத்தவர் பறம்பில் உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் கருவி வைக்கக்கூடாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களில் தோண்டுவது குற்றம். தேடியது கிடைக்காமல் பழைய புதையல் கையில் பட்டால் 1968ஆம் ஆண்டின் கேரளப் புதையல் சட்டம் நினைவிருக்கட்டும். அதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டத்துச் செங்களாயியில் மழைநீர்க் குழி வெட்டிய தொழிலுறுதித் திட்டப் பெண்களுக்கு முத்துகளும் பொன் பதக்கங்களும் இருந்த பாத்திரம் கிடைத்தது. அவர்கள் காவல்துறைக்குச் சொல்லி ஒப்படைத்தார்கள். பின்பற்ற வேண்டிய முறை அதுதான்.

கிடைக்காவிட்டால்

தேடி முடித்த பாத்திகளைத் தாளில் வரைந்து குறியுங்கள். எரித்த மண் காரணமாக அலசாமல் விட்டவற்றையும் தனியாகக் குறியுங்கள், பெரும்பாலும் நகை அந்த மிச்சத்தில்தான் இருக்கும். அந்த இடங்களின் மேல் மண்ணை நாலு விரல் ஆழம் வழித்து, கருவியைத் தள்ளி வைத்துவிட்டுச் சல்லடையில் போடுங்கள். குழிகளை மூடி மட்டப்படுத்துங்கள். மண் காய்ந்த ஒரு நாளில் மறுபடி சமன் செய்து, விட்ட பாத்தியிலிருந்து தொடருங்கள். தங்கம் துருப்பிடிக்காது, மக்காது. பொறுமையோடு முறையாகத் தேடுகிறவருக்கு நாள் கடந்துவிட்டதே என்ற கவலை வேண்டியதில்லை.