வீட்டுப் பட்டறையில் மேசை ரம்பம்: கையைக் காக்கும் முறைகள்

மரத்தை நேராகவும் விரைவாகவும் அறுப்பதற்கு மேசை ரம்பத்தைப் போல உதவும் கருவிகள் சிலவே. ஒரு மேசையின் நடுவே வட்டமான ரம்பத் தகடு சுழன்றுகொண்டிருக்கும். பலகையை அதன்மேல் தள்ளினால் அறுப்பு முடிந்துவிடும். இவ்வளவு எளிதாக வேலை செய்யும் இக்கருவியே, விரல்களுக்குப் பெருங்கேடு விளைக்கும் மரவேலை இயந்திரங்களுள் முன்னிற்பதாகும்.

மும்பையை அடுத்த தாணே, இயந்திரத் தொழில்களில் நன்கு பழகிய நகரம். 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் தோன்றிய மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் தன் முதல் அலுவலகத்தை இந்நகரின் வாக்ளே தொழிற்பேட்டையில்தான் அமைத்தது. தொழிற்சாலையில் இயங்கும் இயந்திரத்தின் அபாயமான பாகங்களுக்குத் தடுப்பு இருத்தல் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு விதித்தது. ஆனால் மின்விசை கொண்டு 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களையே அச்சட்டம் பொதுவாகக் கருத்திற் கொண்டது. தம் வீட்டு அலமாரியைத் தாமே செய்ய விரும்பி, கீழ்த்தளத்திலோ மொட்டை மாடியிலோ ஒரு ரம்பத்தை நிறுவியிருப்பவரிடம் எந்த ஆய்வாளரும் வருவதில்லை. அங்கே முதலாளி, தொழிலாளி, ஆய்வாளர் ஆகிய மூவரும் அவர் ஒருவரே. ஆதலின் இயந்திரம் எவ்வாறு தீங்கு செய்கிறது என்பதை அவர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

கையின் வேகமும் பல்லின் வேகமும்

254 மில்லிமீட்டர், அதாவது 10 அங்குல விட்டமும் 40 பற்களும் உள்ள தகடு ஒன்று நிமிடத்திற்கு 4,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். எனவே அதன் பல் ஒவ்வொன்றும் விநாடிக்குச் சுமார் 53 மீட்டர் செல்லும். இது மணிக்கு 190 கிலோமீட்டருக்குச் சமம். ஆபத்தைக் கண்டு கையை இழுத்துக்கொள்ள மனிதனுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விநாடி வேண்டும். அந்நேரத்திற்குள் தகடு 13 முறை சுழன்றுவிடும். 500-க்கு மேற்பட்ட பற்கள் ஒரே இடத்தைக் கடந்துவிடும்.

அமெரிக்கப் பௌதிக அறிஞர் ஸ்டீவ் காஸ் 1999-இல் வகுத்த அமைப்பு, விரல் பட்ட மாத்திரத்தில் உடலின் மின் கடத்தும் தன்மையால் அதனை உணர்ந்து, ஆயிரத்தில் 5 பங்கு விநாடிக்குள் தகட்டை நிறுத்துகிறது. இயந்திரத்தால் இயலும் இது மனிதனின் கையால் இயலாது. இவ்வமைப்பு இல்லாத ரம்பங்களே இன்னும் மிகப் பல. ஆகவே ‘கவனமாக இருந்தால் போதும்’ என்னும் எண்ணம் பிழையானது. கவனம் முழுவதும் மின்விசையைச் செலுத்துவதற்கு முன்பே செலவிடப்பட வேண்டும்.

மரம் திரும்பிப் பாய்வது ஏன்?

தகட்டின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்குவதால் மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேசைக்கு அடியிலிருந்து மேலெழுந்து, வேலை செய்பவரை நோக்கி வருகின்றன. அறுபட்ட மரம் இப்பின்பற்களில் சிக்கினால், அவை அதனைத் தூக்கி அவர்மீதே எறிந்துவிடும். மரத்தைப் பிடித்திருந்த கை அப்போது தகட்டின்மேல் சரிய நேரலாம். இருவகை விபத்துகள் ஒரே கணத்தில் நிகழ்வது இவ்வாறுதான்.

மரம் சிக்குவதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, மரத்தை ஒட்டி நகர்த்துவதற்கான வழிகாட்டிப் பட்டை தகட்டிற்கு இணையாக இல்லாமல், பின்புறத்தில் தகட்டை நோக்கிச் சாய்ந்திருத்தல். மற்றொன்று, அறுத்த தடம் மீண்டும் மூடிக்கொள்ளுதல். மரத்தினுள் அடங்கியிருந்த இழுவிசை அறுப்பினால் விடுபடும்போது இரு பாதிகளும் வளைந்து நெருங்குகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தாணேயில் பெய்யும் கனமழையில் ஈரத்தை உறிஞ்சிய பலகைகளில் இத்தொல்லை மிகுதி. உலராத மரத்தை அறுக்காமல் ஒத்திவைப்பதே அறிவுடைமை.

இதற்குத் தக்க காப்பு பிளவுத் தகடு ஆகும். ரம்பத் தகட்டின் பின்னால், அதனோடு சேர்ந்து ஏறி இறங்குமாறு பொருத்தப்படும் எஃகுத் துண்டு இது. ரம்பத் தகட்டின் உடலைவிடச் சற்றுத் தடிப்பாகவும், அறுப்புத் தடத்தைவிடச் சற்று மெல்லியதாகவும் இது இருக்க வேண்டும். அறுத்த தடத்தினுள் நின்று, இரு பாதிகளும் பின்பற்களை நெருக்காமல் இது காக்கிறது. இதனைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்வது பெருந்தவறாகும்.

வேலை முறைகள்

1. தகட்டை மாற்றும்போதும் அளவுகளைத் திருத்தும்போதும் பொத்தானை அணைத்தல் மட்டும் போதாது. மின்செருகியையே பிடுங்கிவிட வேண்டும்.

2. தகட்டின் பற்கள் மரத்தின் மேற்பரப்பிற்குச் சுமார் 5 மில்லிமீட்டர் மேலே தெரிந்தால் போதும்.

3. வழிகாட்டிப் பட்டையின் துணையோ, குறுக்கே அறுப்பதற்குரிய நகரும் தாங்கியின் துணையோ இன்றி வெறுங்கையால் மரத்தைச் செலுத்தலாகாது. இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்தி ஒரு துண்டைத் தறிப்பதும் ஆகாது. தறிபட்ட துண்டு இடையில் அகப்பட்டுப் பாயும்.

4. கை தகட்டிற்கு 15 சென்டிமீட்டருக்குள் வர நேரும் போதெல்லாம் தள்ளுகோலைப் பயன்படுத்த வேண்டும். அதனைக் கைக்கெட்டும் இடத்தில் முன்னரே வைத்திருத்தல் வேண்டும்.

5. தகட்டிற்கு நேர் பின்னே நில்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். தகடு சுழலும்போது அதற்கு மேலாகக் கையை நீட்டலாகாது.

6. வேட்டி, லுங்கி, சேலைத் தலைப்பு, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, மோதிரம், வளையல், கையுறை ஆகியவை கையைத் தகட்டிடம் இழுத்துச் செல்லக்கூடியவை. நீண்ட தலைமயிரை முடிந்துகொள்ள வேண்டும்.

7. மேசையின் மேற்பரப்பில் மழைக்காலத் துரு ஏறினால் மரம் வழுக்காது. அதை வலிந்து தள்ளும் கை தவறும். எனவே துருவை நீக்கி மெழுகு பூசுக.

8. மின்சாரம் நின்றுவிட்டால் உடனே பொத்தானை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் மின்சாரம் திரும்பியதும் இயந்திரம் தானே ஓடத் தொடங்கும்.

கவிழ்த்து வைத்த கட்டர்

சிக்கனம் கருதிச் சிலர், கல் அறுக்கும் மார்பிள் கட்டரில் மரத்தகட்டைப் பூட்டி, ஒரு பிளைவுட் பலகையின் அடியில் கவிழ்த்துப் பொருத்தி, அதனையே மேசை ரம்பமாகக் கொள்கின்றனர். 110 மில்லிமீட்டர் தகடுடைய இக்கருவி நிமிடத்திற்கு 12,000 முறை சுழன்றால், பல்லின் வேகம் விநாடிக்குச் சுமார் 69 மீட்டராகும். முற்கூறிய பெரிய ரம்பத்தைவிட இது கூடுதல் வேகம். கவிழ்த்த நிலையில் காப்புறையும் பிளவுத் தகடும் இரா. பொத்தானும் பலகைக்கு அடியில் மறைந்துவிடும். தகட்டின்மேல் பொறித்துள்ள உச்ச வேகம் கருவியின் வேகத்தைவிடக் குறைவாயின் பற்கள் தெறிக்கவும் கூடும். இதில் மிச்சமாகும் தொகை ஒரு விரலின் விலைக்கு ஈடாகாது.

தூசியும் ஓசையும்

காயங்களைப் போலத் தூசி உடனே தெரிவதில்லை. மரத்தூளைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களுள் ஒன்றாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1995-இல் வகைப்படுத்தியது. முகமூடி, கண்ணாடி, காதடைப்பான் ஆகிய மூன்றும் வேண்டும். சிறு குழந்தைகள் அருகில் உள்ளபோது இயந்திரத்தை ஓட்டலாகாது.

விபத்து நேர்ந்தால்

காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்த வேண்டும். துண்டான விரலை எறிந்துவிடாமல், தூய நீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, நீர் புகாத பாலிதீன் பையில் இட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைக்க வேண்டும். விரல் பனிக்கட்டியில் நேராகப் படலாகாது. பட்டால் திசுக்கள் உறைந்து கெடும். காயமுற்றவருக்கு உணவு கொடுக்காமல், நுண் அறுவை செய்யும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மகாராஷ்டிரத்தில் 108 என்னும் எண்ணில் அவசர ஊர்தியை அழைக்கலாம். இவ்வாறு குளிர்ச்சியில் காக்கப்பட்ட விரலை மீண்டும் பொருத்த மருத்துவரால் பல வேளைகளில் இயலும்.

ஆயினும் ஒட்டிய விரல் முன்போல் வளைவதும் உணர்வதும் உறுதியன்று. எனவே, ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்துமுன் பிளவுத் தகடு, காப்புறை, வழிகாட்டிப் பட்டை, தள்ளுகோல், தாம் நிற்கும் இடம் ஆகிய ஐந்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை ஒதுக்க இயலாத நாளில் ரம்பத்தை ஓட்டாதிருத்தலே நலம்.