ஒலி பிந்தாத ஹெட்போன்

கேள்வி: இரவில் வீட்டாரை எழுப்பாமல் படம் பார்க்கவும் கேம் ஆடவும் ஒரே வயர்லெஸ் ஹெட்போன் போதுமா? எதைப் பார்த்து வாங்குவது?
- வாசகர், ஈரோடு

பதில்: போதும். ஆனால் விலைக்கும் பேஸுக்கும் முன்னால் தாமதத்தைப் பாருங்கள். சாதாரண ப்ளூடூத்தில் ஒலி 0.2 விநாடி வரை பிந்தலாம். படத்துக்கு இது பெரிய தொல்லை இல்லை. யூடியூப் போன்ற செயலிகள் பெரும்பாலும் காட்சியையும் அதற்கேற்பத் தள்ளி ஓட்டிவிடும். கேமில் அதற்கு வழியே இல்லை. நீங்கள் பொத்தானை அழுத்திய பிறகுதான் அந்த ஒலியே பிறக்கிறது. துப்பாக்கி வெடித்து முடிந்தபின் சத்தம் தனியாக வரும். எதிரியின் காலடி கேட்பதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும்.

ஆகவே, தாமதம் மிகக் குறைவான 2.4 கிகாஹெர்ட்ஸ் யூஎஸ்பி டாங்கிளும் (கருவியில் செருகும் சிறு ரிசீவர்) ப்ளூடூத்தும் சேர்ந்த மாடலாக வாங்குங்கள். பிளேஸ்டேஷன் 5 ப்ளூடூத் ஹெட்போனை நேரடியாக ஏற்காது. எக்ஸ்பாக்ஸுக்கான டாங்கிளே வேறு. பெட்டியில் உங்கள் கருவியின் பெயர் இருக்கிறதா என்று படித்துவிடுங்கள்.

'7.1 சரவுண்ட்' என்பதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம், அது பெரும்பாலும் மென்பொருள் வேலை. அந்தப் பணத்தைத் துணி உறை போட்ட காது மெத்தைக்குக் கொடுங்கள். நம் வெயிலில் ரெக்சின் உறை காதை வேகவைத்துவிடும். கண்ணாடி அணிபவரென்றால், கண்ணாடியோடு மாட்டிப் பார்த்தே வாங்குங்கள்.