19 வயதில் பாக்ஸிங்

எனக்கு 19 வயது. பாக்ஸிங் கற்க ஆசை. தாமதமாகிவிட்டதா? முதலில் கிளவுஸ் வாங்குவதா, பஞ்சிங் பேக் வாங்குவதா?
– வாசகர், குறிஞ்சிப்பாடி

இரண்டும் இப்போது வேண்டாம், தம்பி. ஒரு ஸ்கிப்பிங் கயிறும், கையில் சுற்ற 4.5 மீட்டர் நீளத் துணி ஒரு ஜோடியும் போதும். தாமதமும் ஆகிவிடவில்லை. மேரி கோம் தடகளத்தை விட்டு பாக்ஸிங்குக்கு வந்தது 2000-இல். அடுத்த ஆண்டே உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். அப்போது அவருக்கும் ஏறக்குறைய உங்கள் வயதுதான்.

குத்தின் பலம் காலிலிருந்து வருகிறது. வலக்கைக்காரர் என்றால் இடது கால் முன்னே, வலது குதிகால் லேசாக எழும்பி, தாடை தாழ்ந்து, இரு கைகளும் கன்னத்தருகே. அப்படியே நகர்ந்து பழகுங்கள். கால்கள் பின்னிக்கொள்ளக் கூடாது. பிறகு இடக்கையால் நேர்க்குத்து, அதாவது ஜாப். போன வேகத்திலேயே கை கன்னத்துக்குத் திரும்ப வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். கண்ணாடி முன் மூன்று நிமிடம், பிறகு ஒரு நிமிடம் ஓய்வு. போட்டிக் கணக்கும் இதுவே.

ஒரு மாதம் இப்படிப் போகட்டும். அதற்குள் கடலூரில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்த்து, பயிற்சியாளர் பற்றிக் கேளுங்கள். பயிற்சியாளர் சொல்லும்வரை ஸ்பாரிங், அதாவது இன்னொருவரோடு மோதிப் பழகுவது, வேண்டாம், நண்பனோடு விளையாட்டுக்குக்கூட.