கடப்பா கல்லை உடைக்க விடாதீர்கள்

பழைய ஃபிளாட் வாங்கிக் குடிபோகப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சமையலறையில் கடப்பா கல் தட்டுகள் இருந்தால், யார் சொன்னாலும் அவற்றை உடைக்க விடாதீர்கள். பெயின்ட், திரைச்சீலை, சோபா இவையெல்லாம் பிடிக்காமல் போனால் அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். சமையலறையில் விட்ட பணம் திரும்பாது. எங்களுக்கு ஒன்றே முக்கால் லட்சம் போனது.

குரோம்பேட்டையில் நாங்கள் வாங்கியது தொண்ணூறுகளில் கட்டிய ஃபிளாட். மேல் தளம், இரண்டு படுக்கையறை. பத்திரப் பதிவு முடிந்தபோது வீட்டு வேலைக்கென்று கையில் நின்றது நான்கு லட்சம். மேடைக்குக் கீழே மூன்று வரிசையில் கடப்பா தட்டுகள் இருந்தன. எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது உண்மை. ஆனால் ஒரு விரிசல் கிடையாது. நன்றாகத் தேய்த்துக் கழுவி, முன்னால் கதவு மட்டும் போட்டால் போதும் என்று நான் அப்போதே சொன்னேன். “இந்தக் காலத்துல யார் அண்ணி கடப்பா கல் வெச்சுக்கிறாங்க? மாடுலர் போடுங்க” என்றார் கொழுந்தனார். இன்டீரியர் ஆளையும் அவரே கூட்டிவந்தார். வீட்டில் மற்ற எல்லோரும் அவர் பக்கம்.

“மரைன் பிளைதான் போடுவேன் மேடம், தண்ணியில கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது” என்று அந்த ஆள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். கொட்டேஷனில் ‘பிளைவுட்’ என்று மட்டும் இருந்தது. கல்லை உடைத்து அள்ளினார்கள். பட்டறையில் செய்த பெட்டிகளைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சமையலறையைத்தான் பாராட்டினார்கள். ஐப்பசி மழையில் சிங்குக்குக் கீழே இருந்த பெட்டியின் அடிப்பலகை உப்பியது. கார்த்திகைக்குள் கதவு கீலோடும் ஸ்க்ரூவோடும் கையில் வந்துவிட்டது. பிய்ந்த இடத்தில் பிளைவுட்டின் அடுக்குகளே இல்லை. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு, மேலே பளபளக்கும் லேமினேட். போன் செய்தேன். “நீங்க தண்ணிய ஒழுக விட்டிருக்கீங்க” என்றார். சிங்குக்குக் கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் விழாத வீடு எங்கே இருக்கிறது? விழும் என்று தெரிந்துதானே மரைன் பிளை கேட்டோம்! அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை. கொழுந்தனாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

கட்டாயம் மரவேலை செய்தே ஆகவேண்டும் என்பவர்கள் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மரைன் பிளை என்றால் ஐ.எஸ். 710 தரம். அதன் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்கு பிரியக்கூடாது என்பது அதற்கான சோதனை. ஷீட்டிலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 710 என்ற எண்ணும் அச்சாகியிருக்கும். எம்.ஆர். என்று போட்டிருக்கும் பிளைவுட் காற்றிலுள்ள ஈரத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. படுக்கையறை அலமாரிக்கு அது போதும். பெட்டிக்கு எந்தப் பலகை, கதவுக்கு எந்தப் பலகை என்று கொட்டேஷனில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பலகை முழு ஷீட்டாக உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் கண்முன் அறுபடட்டும். பட்டறையில்தான் செய்வோம் என்றால், விளிம்பில் பட்டி ஒட்டும் முன் நேரில் போய்ப் பாருங்கள். ஒட்டிய பிறகு உள்ளே இருப்பது பிளைவுட்டா மரத்தூளா என்று யாராலும் சொல்ல முடியாது. மொத்தப் பணத்தில் கால் பங்கையாவது ஒரு மழைக்காலம் முடியும் வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாத ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

நான் மறுபடி கடப்பா கல்லே வைத்தேன். கல், கொத்தனார் கூலி, முன்னால் அலுமினியச் சட்டம் போட்ட கதவு எல்லாம் சேர்த்து 26,000 ரூபாய். யாரையும் கேட்கவில்லை. ஆந்திராவின் கடப்பா பக்கத்திலிருந்து வரும் இந்தக் கறுப்புக் கல், சுண்ணாம்புக்கல் வகை. கரையான் தொடாது, தண்ணீரில் உப்பாது, குக்கரை இறக்கி வைத்தால் தாங்கும். புளிப்புதான் இதற்கு ஆகாது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ பாத்ரூம் ஆசிடோ பட்டால் வெளுத்துத் தழும்பு விழும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது ஒரு துளி எண்ணெய் தடவினால் கறுப்பு மாறாமல் இருக்கும்.

அடுத்த செலவு மொட்டை மாடிக்கு. மேல் தளத்தில் இருக்கும் நமக்கு, சித்திரையில் பகல் முழுக்கக் காய்ந்த கூரை ராத்திரியெல்லாம் வீட்டுக்குள் சூட்டை இறக்கும். ஹாலுக்கும் ஏசி போடு என்றார்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மின்கட்டண விகிதமே வேறு என்பதை அவர்கள் யாரும் யோசிக்கவில்லை. மாசியில் அசோசியேஷனில் கேட்டுக்கொண்டு, கல் சுண்ணாம்பை முதல் நாளே ஊறவைத்து, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு கோட் அடித்தோம். ஊறும்போது சுண்ணாம்பு கொதிக்கும். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். மழையில் கரையும், வருடா வருடம் அடிக்கத்தான் வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினேன். உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட பிறகுதான் அது தடுக்கும். 75 வாட் இழுத்த பழைய ஃபேன்களை எடுத்துவிட்டு, 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் போட்டோம்.

கட்டிலும் சாப்பாட்டு மேஜையும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய தேக்கு. “யார் வீட்டுக் கட்டிலோ, அதுல எப்படிப் படுப்பீங்க?” என்று நாத்தனார் முகம் சுளித்தார். அவர் மகனுக்கு ஆன்லைனில் வாங்கிய கட்டிலின் கால் ஆடத் தொடங்கிய பிறகு, “அந்தச் சந்தைக்கு என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போ” என்றார். காலையிலேயே போங்கள். சாமானைத் தூக்கிப் பாருங்கள், தேக்கு கனக்கும். அடிப்பக்கத்தையும் மூட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள், மூட்டைப்பூச்சி அங்கேதான் இருக்கும். வாங்கியதை வெயிலில் நன்றாகக் காயவைத்து, உப்புத்தாள் போட்டுப் பாலிஷ் ஏற்றிய பிறகே உள்ளே கொண்டுவாருங்கள்.

மற்றவை எல்லாம் சின்ன வேலைகள். சுவர் முழுக்க ஒரே வெளிர் நிறம். ஹாலில் 6500 கெல்வின் வெள்ளை விளக்கை எடுத்துவிட்டு 3000 கெல்வின் மஞ்சள் ஒளி. தரைக்குப் பவானி ஜமக்காளம், ஜன்னலுக்குக் கரூர் துணி. ஸ்டோர் ரூமில் ஆபீஸ்களில் இருப்பது போன்ற இரும்பு ஆங்கிள் ரேக். பரணில் எது ஏறினாலும் அட்டைப்பெட்டியின் மேல் என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். போகிக்குப் போகி பரணை இறக்கிப் பார்த்து, தொடாத சாமானைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுங்கள்.

கையில் இருக்கும் பணம் கொஞ்சம் என்றால் தண்ணீர் படும் இடத்துக்கு முதலில் செலவழியுங்கள், வெயில் படும் இடத்துக்கு அடுத்தது, விருந்தாளி கண் படும் இடத்துக்குக் கடைசியில். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அந்த வீட்டில் இருந்து பார்த்துவிட்டுத்தான் எதை உடைப்பது என்று முடிவெடுங்கள். பால் காய்ச்சுவதற்குள் எல்லா வேலையும் முடிந்தாக வேண்டும் என்று அவசரப்படுத்துகிறவர்கள், அந்தச் சமையலறையில் உங்களோடு நின்று சமைக்கப் போவதில்லை.