சத்தம் எப்போது வருகிறது?

எங்கள் வீட்டுக் குழித்தறியில் நாடா ஓடும் சத்தம் லேசாக மாறினாலே, அடுப்படியில் இருந்தபடி "இழை அறுந்துருச்சா?" என்று அம்மா கேட்பார். சின்னாளப்பட்டியில் வளர்ந்த காது அப்படி. ஆனாலும் என் ஆம்னி வேனில் வந்த ஒரு சத்தத்தில் நான் ஏமாந்துபோனேன்.

சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போய்த் திரும்பும்போது, அம்பாத்துரை பக்கம் 'கொர்ர்' என்று ஓர் அரைப்புச் சத்தம். ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது; எந்தச் சத்தமும் இன்ஜினுக்குள்ளிருந்து வருவது போலத்தான் தோன்றும். திண்டுக்கல்லில் ஒரு ஷெட்டில் "இன்ஜின்ல சத்தம்" என்றேன். "இறக்கித்தான் பார்க்கணும்" என்றார்கள். மனம் ஒப்பாமல், பைபாஸ் ஓரத்தில் இருந்த வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன்.

"எப்ப வருது தம்பி? காலைல ஸ்டார்ட் பண்ணதுமா, சூடானப்புறமா? நின்ன இடத்துல ரேஸ் குடுத்தா வருதா, ஓடுறப்ப மட்டுமா?"

எதற்கும் என்னிடம் பதில் இல்லை. அவர் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தார். சத்தம் போயே போய்விட்டது. உடனே அணைத்தார், தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால் அரை நிமிடத்துக்கு மேல் விடக் கூடாதாம். பிறகு ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றினார். ஆல்டர்னேட்டர் மட்டும் மணல் அரைபடுவது போல நறநறத்தது. பேரிங் மாற்றினார், மாலையில் வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. இன்ஜினை இறக்கியிருந்தால் எவ்வளவு வீண் செலவு!

அன்றிலிருந்து சத்தத்தின் நேரத்தைக் கவனிக்கிறேன். மழைநாள் காலையில் கீச்சிட்டுக் கொஞ்ச நேரத்தில் அடங்கினால் பெல்ட். நின்றபடியே 'டிக் டிக்' என்று வந்து, ரேஸ் கொடுக்கும்போது வேகம் கூடினால் பெரும்பாலும் டேப்பட். சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் மேல் கியரிலேயே இழுக்கும்போது 'கிளிங் கிளிங்' என்று வந்து, கியரைக் குறைத்ததும் நின்றால் அது லோடு தாங்காத தட்டல். அப்படியே மிதித்து ஏற்றினால் பிஸ்டன் கெடும். நியூட்ரலில் உருளும்போதும் ஊளைச் சத்தம் தொடர்ந்தால் இன்ஜினைக் குற்றம் சொல்லாதீர்கள், வீல் பேரிங்கையும் டயரையும் பாருங்கள்.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்தால் சத்தம் பிறக்கும் இடம் துல்லியமாகத் தெரியும். முதலில் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துவிடுங்கள், பெல்ட் இழுத்துவிடும். சத்தத்தைப் போனிலும் பதிந்து வையுங்கள், ஷெட்டுக்குப் போனதும் அது வராமலே போகலாம்.

ஒன்றில் மட்டும் யோசிக்கவே வேண்டாம். ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்து, அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாக இடித்தால், வண்டியை ஓரங்கட்டி அங்கேயே அணைத்துவிடுங்கள். ஷெட் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் ஓட்டிப் போகாதீர்கள். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.