கட்டுமரம் தந்த பெயரும் கடல் கேட்கும் கடமையும்

ஆங்கில அகராதியில் குடியேறிய தமிழ்ச் சொற்களைக் கூறச் சொன்னால் எமது மாணவிகள் சுருட்டு, மிளகுதண்ணி, கட்டுமரம் என்று தயங்காமல் சொல்லிவிடுவர். அவற்றுள் கட்டுமரம் என்ற சொல் உலகைச் சுற்றிவிட்டு இப்போது எமது கரைக்கே திரும்பி வந்திருக்கிறது. திருகோணமலையிலும் வெலிகமவிலும் மிரிஸ்ஸவிலும் விடுமுறைக் காலத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வெண்ணிற இரட்டைப் படகின் பெயர் ‘கட்டமரன்’. அந்நியர் எவருமின்றி ஒரு குடும்பம் மட்டும் அதனை வாடகைக்கு எடுத்து, கடலில் அரைநாள் உலாவி, முகக்கண்ணாடி அணிந்து முருகைக்கற்பாறைகளைப் பார்த்துவிட்டு வரலாம். பெண்பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இத்தகைய தனிப்படகை விரும்புவதற்கான காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நாம் வாடகைக்கு எடுப்பது படகை மட்டுமே, கடலை அல்ல. அந்தக் கடலில் எம் உயிரையும் காத்து, அங்கு வாழும் உயிர்களையும் காத்துத் திரும்புவதற்குச் சிறிது பாட அறிவு வேண்டும். விஞ்ஞானப் பாடத்திலும் வரலாற்றுப் பாடத்திலும் நாம் படித்தவையே அதற்குப் போதுமானவை.

1. பெயர் எங்களுடையது, வடிவம் யாருடையது?

கட்டுமரம் என்பது பெயரிலேயே விளக்கம் உள்ள ஒரு கலம். பாரம் குறைந்த மரங்கள் சிலவற்றைச் செதுக்கி, பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டினால் அது கட்டுமரம். அதற்கு உள்ளீடற்ற வயிறு கிடையாது. அலை மேலே ஏறினாலும் மரங்களின் இடைவெளியால் நீர் வடிந்துவிடும். ஆகவே அது நீர் நிரம்பி மூழ்குவதில்லை. தொழில் முடிந்து கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் உலர விடுவர். நீரில் ஊறிய மரம் பாரமாகித் தாழ்ந்து மிதக்கும் என்பதே அதற்குக் காரணம். எமது வடபகுதிக் கடற்றொழிலாளரும் இதனை நன்கு அறிவர். சிங்களக் கரையோரத்தில் இதன் உறவுக் கலம் ‘தெப்பம’ எனப்படுகிறது.

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி 1697ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பயண நூலில் எழுதினார். அதன் பின்னர் அந்தச் சொல் ஆங்கிலத்தில் வேரூன்றியது.

எனினும் இன்றைய கட்டமரன் கட்டப்பட்ட மரமன்று. ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் இரண்டு ஒடுங்கிய படகுடல்களை ஒரு தளத்தால் இணைத்த கலம் அது. இந்த வடிவத்தின் உண்மையான முன்னோர் பசிபிக் சமுத்திரத்துப் பொலினீசிய மக்கள். இரட்டை வள்ளங்களில் பாய் விரித்து, விண்மீன்களையும் அலைகளின் போக்கையும் வழிகாட்டியாகக் கொண்டு, ஹவாய், நியூசிலாந்து போன்ற தொலைதூரத் தீவுகளில் குடியேறியவர்கள் அவர்கள். 1876இல் நதானியல் ஹெரஷொஃப் என்ற அமெரிக்கர் ‘அமரிலிஸ்’ என்னும் இரட்டை உடல் பாய்ப்படகை அமைத்து, நியூயோர்க்கில் நடைபெற்ற போட்டியில் ஏனைய படகுகளை முந்தினார். பரிசுக்குப் பதிலாக அவருக்கு எதிர்ப்பே கிடைத்தது. அத்தகைய படகுகள் அந்தப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. 1947இல் ஹவாயில் ‘மனு காய்’ என்ற படகு உருவான பின்னரே நவீன கட்டமரன் பரவலாக அறியப்பட்டது.

ஆகவே பெயர் தமிழருடையது, வடிவம் பொலினீசியருடையது. ‘உலகக் கட்டமரன்கள் யாவும் தமிழர் கண்டுபிடிப்பு’ என்று பேச்சுப் போட்டிகளில் முழங்குவதைவிட இந்த உண்மையைச் சொல்வதே எமக்குப் பெருமை.

2. இரட்டைப் படகு ஏன் அதிகம் ஆடுவதில்லை?

ஓடும் பஸ்ஸில் கால்களைச் சேர்த்து நின்றால் தடுமாறுவோம். அகற்றி வைத்து நின்றால் உறுதியாக நிற்போம். கட்டமரனின் இரகசியமும் இதுவே. ஏறத்தாழ 12 மீற்றர் நீளமான ஒரு பாய்க் கட்டமரனின் அகலம் 6 அல்லது 7 மீற்றர் வரை இருக்கும். காற்று பாயைத் தள்ளும்போது ஓர் உடல் நீரினுள் சற்று அமிழும். உடனே அங்கு மேலுதைப்பு அதிகரித்து, படகை மீண்டும் நிமிர்த்தும். ஒற்றை உடல் பாய்ப்படகோ இவ்வேலைக்கு அடியில் பாரமான ஏராவை நம்பியிருக்கிறது.

இந்த நன்மைக்கு இரு மறுபக்கங்கள் உண்டு. முதலாவது, கட்டமரன் எளிதில் சரியாது. ஆனால் முற்றாகக் கவிழ்ந்துவிட்டால் தானாக நிமிராது. ஆகவே காற்று வலுக்கும் முன்னரே பாயைக் குறைப்பவரே நல்ல மாலுமி. ‘இன்று போக வேண்டாம்’ என்று அவர் சொன்னால், கொடுத்த பணத்தை நினைத்து அவரை வற்புறுத்தக் கூடாது.

இரண்டாவது, ஆழமான ஏரா இல்லாததால் கட்டமரன் ஆழம் குறைந்த நீருக்குள்ளும் செல்லும். முருகைக்கற்பாறைகள் இருப்பதும் அங்கேதான். கவனமின்றிப் போடப்படும் ஒரு நங்கூரமும் அதன் சங்கிலியும் பல ஆண்டு வளர்ச்சியைச் சில நிமிடங்களில் நொறுக்கிவிடும்.

3. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும்

வெறும் கண்ணால் நீருக்கடியில் பார்த்தால் எல்லாம் மங்கலாகத் தெரிவது ஏன்? எமது கண்ணின் குவிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி, வளியிலிருந்து ஒளி விழிவெண்படலத்துள் நுழையும்போது ஏற்படும் முறிவால் கிடைப்பது. நீரின் முறிவுச்சுட்டியும் விழிவெண்படலத்தின் முறிவுச்சுட்டியும் ஏறக்குறைய சமமாகையால் நீருக்குள் அந்த ஆற்றல் இழக்கப்படுகிறது. முகக்கண்ணாடி கண்ணுக்கு முன்னால் சிறிதளவு வளியை வைத்து அதனை மீட்டுத் தருகிறது. ஆனால் ஒளி நீரிலிருந்து அந்த வளிக்குள் வரும்போது மீண்டும் முறிவதால், பொருள்கள் உண்மைத் தூரத்தின் நான்கில் மூன்று பங்கிலும், சுமார் மூன்றிலொரு பங்கு பெரிதாகவும் தோன்றும். எட்டத்தில் இருப்பதாகத் தெரியும் மீன் இன்னும் எட்டத்தில் இருக்கிறது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

மூச்சுக்குழாய் ஏன் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் நீளத்துடன் நின்றுவிடுகிறது? இரண்டு மீற்றர் குழாய் இருந்தால் ஆழத்திலேயே தங்கலாமே என்று மாணவிகள் கேட்பதுண்டு. 1 மீற்றர் ஆழத்தில் மார்பின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரின் மீதும் சுமார் 100 கிராம் எடைக்குச் சமமான மேலதிக அமுக்கம் தாக்கும். சுவாசத் தசைகளால் அதனை எதிர்த்து மார்பை விரிக்க முடியாது. மேலும், நீண்ட குழாயினுள் நாம் வெளிவிட்ட காபனீரொட்சைட்டு தேங்கி, அதையே மீண்டும் உள்ளெடுக்க நேரிடும். எனவே குழாயை வீட்டில் நீட்டித்துப் பரிசோதிப்பது உயிராபத்தானது.

ஒலியைப் பற்றியும் ஒரு குறிப்பு. நீரில் ஒலி வளியிலும் நான்கு மடங்குக்கு மேலான வேகத்தில் செல்வதால், அது எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் காதுகளால் பிரித்தறிய இயலாது. இயந்திரப் படகின் சத்தம் கேட்டால் உடனே தலையை உயர்த்தி நாற்புறமும் பார்க்க வேண்டும்.

ஆடை விடயத்தில் பெற்றோர் கவனிக்க வேண்டியது உண்டு. நீரில் நனைந்த அகன்ற அபாயா கால்களைச் சுற்றிக்கொள்ளும்; பாரமும் கூடும். முழு உடலையும் மறைக்கும், நீரை உறிஞ்சாத நீச்சல் உடையே பொருத்தமானது. குப்புற மிதக்கும்போது முதுகும் பிடரியும் வெயிலில் கருகுவதையும் அது தடுக்கும். முகக்கண்ணாடியின் இறப்பர் விளிம்பு தோலுடன் நேரடியாக ஒட்ட வேண்டும். தலைத்துணியின் ஓரமோ ஒரு மயிரிழையோ இடையில் சிக்கினாலும் நீர் கசியும். ஆகவே தலைமறைப்பை முகக்கண்ணாடியின் விளிம்புக்கு வெளியே ஒதுக்கி, பட்டியை மட்டும் அதன் மேலாக அணிய வேண்டும்.

4. கல் என்று நினைத்தால் உயிர்

நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் 1 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது புறாத்தீவு. மாடப்புறாக்கள் வாழ்வதால் வந்த பெயர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இத்தீவைச் சுற்றி ஏறத்தாழ 100 வகை முருகைகளும் 300 வகை மீன்களும் பதிவாகியுள்ளன. செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்களையும் அங்கு காணலாம். தொந்தரவு செய்யாதவரை அவை மனிதரை விட்டு விலகிச் செல்பவை.

முருகைக்கல் கல்லன்று. பொலிப்பு எனப்படும் மிகச் சிறிய விலங்குகள் கல்சியம் காபனேற்றால் கட்டிய குடியிருப்பு அது. பொலிப்பின் உடலுக்குள் நுண்ணிய அல்காக்கள் ஒன்றியவாழ்வு நடத்துகின்றன. பொலிப்பு இருப்பிடம் கொடுக்கிறது. அல்கா சூரிய ஒளியால் உணவு ஆக்கிக் கொடுக்கிறது. கடல்நீர் வழக்கமான கோடைகால உச்சத்தைவிட 1 பாகை செல்சியஸ் அளவு உயர்ந்து சில வாரங்கள் நீடித்தாலே இந்த உறவு முறிகிறது. அல்காக்கள் வெளியேற, முருகை வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. 1998இலும் 2016இலும் இலங்கைக் கடலில் இது நிகழ்ந்தது.

கிளைவிடும் முருகைகள் ஆண்டுக்குப் பல சென்ரிமீற்றர் வளரக்கூடியவை. உருண்டைப் பாறைபோல் வளரும் வகைகளோ ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றரே வளர்கின்றன. எமது இடுப்பளவு உயரமான ஒன்றைக் கண்டால், அது எமது மூத்தம்மாவின் பிறப்புக்கு முன்பே வளரத் தொடங்கியது என்று எண்ணிக்கொள்ளலாம். இளைப்பாற அதன்மேல் ஒரு காலை ஊன்றினால் போதும். அவ்விடத்துப் பொலிப்புகள் நசுங்கிவிடும்.

இழப்பு மீன்களுக்கு மட்டுமல்ல. தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புச் சூளைகளுக்காக நெடுங்காலம் முருகைக்கல் அகழப்பட்டது. 2004 சுனாமியின் பின்னர் அங்கு கள ஆய்வு செய்தோர், பாறைகள் காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை தணிந்திருந்ததையும், அகழ்வு நடந்த அண்மையிலுள்ள பெரலியவில் அது மிக உயர்ந்து நெடுந்தூரம் நிலத்துள் புகுந்ததையும் பதிவு செய்தனர். புகைவண்டி ஒன்று பயணிகளோடு அள்ளப்பட்ட இடம் பெரலியவே. அலையின் வலிமைக்குக் காரணங்கள் பல. எனினும் கரைக்கு முன்னால் நிற்கும் பாறை ஒரு மதில் என்பதை அந்நாள் எமக்குக் காட்டிச் சென்றது.

5. புறப்படும் முன்

காலம்: கிழக்குக் கடல் மே தொடக்கம் செப்டெம்பர் வரையும், தென்மேற்குக் கடல் நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரையும் பொதுவாக அமைதியானவை. கிழக்கில் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அப்போது கரையோர நீர் கண்ணாடிபோல் தெரியும்; ஆனால் மிதவையில் விளையாடும் பிள்ளையை அதே காற்று ஆழ்கடலுக்குத் தள்ளிவிடும்.

படகு: ஒவ்வொருவருக்கும், சிறுவர்களுக்கு அவர்களின் அளவிலும், உயிர்காப்பு அங்கி உண்டா? தொடர்புச் சாதனம் உண்டா? நீரில் இறங்குவோருடன் வழிகாட்டி ஒருவர் வருவாரா? நங்கூரத்தை மணலில் இடுவார்களா, அல்லது நிலையான மிதவையில் படகைக் கட்டுவார்களா? பணம் கொடுக்கும் முன் இவற்றைக் கேளுங்கள். புறாத்தீவுக்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டும் வேண்டும்.

நீரில்: இருவர் இருவராகச் செல்லுங்கள். முருகைகளைத் தொடவோ, மீனுக்கு உணவு போடவோ, இறந்த முருகைத் துண்டைக்கூட எடுத்து வரவோ வேண்டாம். நீண்ட நேரம் மூச்சடக்குவதற்காக வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு மூழ்காதீர்கள். எச்சரிக்கை ஏதுமின்றி நினைவு தப்பிவிடும்.

கரையில்: நீரில் மூழ்குபவர் கையசைத்துக் கத்துவார் என்று எண்ணியிருக்கிறோம். பெரும்பாலும் அவ்வாறு நிகழ்வதில்லை. வாய் நீர்மட்டத்தில் இருக்க, தலை பின்சாய, ஓசையின்றியே ஒருவர் மூழ்கிவிடுவார். படகில் இருக்கும் பெரியவர் ஒருவர் கைப்பேசியை வைத்துவிட்டு, நீரில் உள்ளோரைப் பார்த்தபடியே இருக்க வேண்டும்.

பெற்றோருக்கு இறுதியாக ஒன்று. கடல் தெரியும் வீட்டில் பிறந்தும் நீந்தத் தெரியாமலே வளரும் பெண்பிள்ளைகள் எம்மிடையே பலர். உயிர்காப்பு அங்கி உதவும். ஆனால் நீச்சலுக்கு அது ஈடாகாது. படகு வாடகைக்குப் பணம் சேர்க்கும் வீடு, அதற்கு முன் மகளின் நீச்சல் பயிற்சிக்குச் சேர்க்கட்டும். பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கிய நீச்சல் தடாகத்தைத் தேடிப் பாருங்கள்; இல்லையெனில் பெற்றோர் பலர் ஒன்றுசேர்ந்து கேளுங்கள். ஒருமுறை கற்ற நீச்சல் ஆயுள் முழுவதும் அவளுடன் இருக்கும்.

பயிற்சி

1. கட்டுமரத்துக்கும் இன்றைய கட்டமரனுக்கும் உள்ள வேறுபாடுகள் மூன்று எழுதுக.
2. நீரினுள் 3 மீற்றர் தொலைவில் உள்ள மீன், முகக்கண்ணாடி அணிந்தவருக்கு எவ்வளவு தொலைவில் தோன்றும்?
3. முருகைப் பொலிப்பும் அல்காவும் ஒன்றுக்கொன்று உதவும் விதத்தை விளக்குக.
4. உமது வீட்டில் நீந்தத் தெரிந்தோர் எத்தனை பேர்? மூன்று தலைமுறைகளையும் விசாரித்து, வகுப்பில் ஓர் அட்டவணை தயாரிக்க.