சட்டம் அறிவோம்: கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்



"ஏ தங்கச்சி, ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போ. ஒரு கையெழுத்துதான்" என்று அண்ணன் கூப்பிட்டால், நாம் எதுக்குன்னு கேட்பதில்லை. காரும் பிசானமும் விளையும் தாமிரபரணிப் பாசன வயலில் நமக்குள்ள பங்கு, அந்த ஒரு கையெழுத்தில் போய்விடும். அந்தப் பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். "என் பாகத்தை விட்டுக்கொடுத்தேன்" என்பதே அதன் பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 25.3.1989 முதல் இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே பிறப்பால் உரிமை வந்தது. ஆனால் அதற்கு முன் திருமணமான பெண்களுக்கு அது இல்லை. 9.9.2005 முதல் இந்தியா முழுவதும் சட்டம் திருத்தப்பட்டது. கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற வேறுபாடு அதோடு போனது.

"அப்பா 2005-க்கு முன்னாலேயே இறந்துட்டாரே, அப்போ பங்கு உண்டா?" என்ற கேள்வி பல வருடம் கோர்ட்டுகளில் இழுபட்டது. 11.8.2020 அன்று உச்ச நீதிமன்றம், வினீதா சர்மா வழக்கில், மூன்று நீதிபதிகள் அமர்வில் முடிவு சொன்னது: உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை.

அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால்? அதை அவர் விரும்பியவருக்கு உயில் எழுதலாம். உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. அப்பாவின் தாயார் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. உதாரணமாக, 4 ஏக்கர் நிலம். அம்மா, இரண்டு அண்ணன், நீங்கள் என்றால் ஆளுக்கு 1 ஏக்கர்.

கிறிஸ்தவக் குடும்பங்களில், 1925-ஆம் வருட வாரிசுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பாகம் போக, மீதி மகனுக்கும் மகளுக்கும் சமம். முஸ்லிம் சட்டத்தில் மகனுக்குள்ளதில் பாதி மகளுக்கு உண்டு.

"நகை போட்டாச்சே, சீர் செஞ்சாச்சே!"

நகையும் சீரும் கொடுத்ததால் மட்டும் சொத்துரிமை போகாது. ஆனால் 20.12.2004-க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமாகவோ கோர்ட் மூலமாகவோ பாகம் பிரித்திருந்தால், அல்லது விற்றிருந்தால், அதை மாற்ற முடியாது. "வாய்ப்பேச்சில் அப்பவே பிரிச்சாச்சு" என்று சொன்னால் மட்டும் போதாது. அரசு ஆவணம் போன்ற உறுதியான சாட்சி வேண்டும்.

"சொத்து கேட்டா பொறந்த வீட்டு வாசல் அடைஞ்சிரும்" என்ற பயம் பொய்யல்ல. நாளைக்கு ஒரு கஷ்டம் என்றால் அண்ணன்தானே வரணும் என்று நினைக்கிறோம். விட்டுக்கொடுப்பதும் உங்கள் உரிமைதான். ஆனால் எதை விடுகிறோம் என்று தெரிந்து விடுங்கள். பதிவான பிறகு, ஏமாற்றி வாங்கினார்கள் என்று நிரூபிப்பது மிகவும் கடினம்.

செய்ய வேண்டியவை

1. பத்திரத்தை முழுதும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நகல் வாங்கி, ஒரு நாள் அவகாசம் கேளுங்கள்.
2. பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள்.
3. தாலுகா அலுவலகத்தில் வாங்கும் வாரிசுச் சான்றில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.
4. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.
5. சண்டை வேண்டாம் என்றால் மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். கோர்ட் கட்டணம் கிடையாது.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

நம் குழுவில் எத்தனை பேர் பெயரில் நிலமோ வீடோ இருக்கிறது? விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் படித்துப் பார்த்தா போட்டோம்? நம் மகளுக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்?